அவன் வழக்கை நீ சொல்

“தீர்ப்பில் பிழை இல்லை, அம்மையே. ஆனால் பள்ளி உடைகிறது.”

அழிசி இதைச் சொல்லும்போது மூச்சு வாங்கியது. வேகமாக நடந்து வந்திருந்தார்.

சுனைக்கரையில் உட்கார்ந்து குரத்தியார் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். குடத்தின் வாயில் கட்டியிருந்த துணியில் பொடிப் பூச்சிகள் நெளிந்தன. துணியை அவிழ்த்து, அவற்றைச் சுனையிலேயே அலசி விட்டார்.

“யார் போகிறார்கள்?”

“சேந்தன் போகவேண்டியவன், போகிறான். அவனோடு பாதிப் பேர் மூட்டை கட்டுகிறார்கள். மீதிப் பேர், போனால் போகட்டும் என்கிறார்கள்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“நான் என்ன சொல்ல? விதியைச் சொன்னேன். அவ்வளவுதான்.”

குரத்தியார் துணியைப் பிழிந்து பாறையில் விரித்தார்.

குன்றின் மேல் இருந்தது அந்தப் பள்ளி. பாறைக் குடைவுகளில் மாணவர்கள் படுத்துக்கொள்வார்கள். முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. அங்கே எழுத்தும் மருந்தும் வாதமும் சொல்லிக்கொடுத்தார்கள். நடத்தியவர் ஒரு பெண் துறவி. பெண் ஆசிரியரை அந்தக் காலத்தில் குரத்தி என்பார்கள். இவர் பெயர் நாகமதிக் குரத்தியார். வயது நாற்பதைத் தாண்டவில்லை.

அழிசிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அங்கே மாணவராக வந்தவர்.

ஊரில் இருந்த காலத்தில் அவர் நாட்டுச் சபையில் வழக்குத் தீர்ப்பவர். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, எதுவானாலும் அவர் வாயிலிருந்து வருவதுதான் முடிவு. அவர் நேர்மையை ஒருவரும் குறை சொன்னதில்லை. ஒருநாள் சபையில் எதிரே நின்ற இருவரைப் பார்த்தார். இவர்களுடைய அப்பாக்களும் இதே வரப்புக்காக இதே இடத்தில் நின்றவர்கள். அந்த வழக்கைத் தீர்த்துவைத்தவரும் அவர்தான்.

அதன் பிறகு அவருக்குச் சபையில் உட்காரப் பிடிக்கவில்லை. மலையேறிவிட்டார்.

“நான் தீர்த்த வழக்கு ஏன் தீரவில்லை?” குரத்தியாரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பதிலுக்குக் குரத்தியார் மாணவர்களின் சண்டை சச்சரவுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார்.

நேற்று நடந்தது இது.

சமையல் முறை சேந்தனுடையது. பள்ளியில் ஒருவேளைதான் உணவு. பொழுது சாய்ந்துவிட்டால் யாரும் வாயில் எதையும் வைக்கமாட்டார்கள். சேந்தன் கஞ்சியைக் காய்ச்சி இறக்கிவைத்துவிட்டு விறகு எடுக்கப் போனான். திரும்பி வந்தபோது, கூத்தன் அந்தப் பெரிய பானையைச் சரித்துக் கஞ்சியைப் பாறையிடுக்கில் கொட்டிக்கொண்டிருந்தான். கடைசிச் சொட்டு வரை கொட்டினான்.

“என்னடா செய்கிறாய்!”

கூத்தன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இதை எங்கள் வீட்டில் மாட்டுக்குக்கூட வைக்கமாட்டார்கள்,” என்றான்.

சேந்தன் கையில் விறகுக்கட்டை இருந்தது.

கூத்தன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது. ஓர் எறும்பை மிதித்துவிட்டாலும் நின்று வருந்துகிற இடம் அது. அங்கே மனித ரத்தம் சிந்தியதை யாரும் பார்த்ததில்லை.

குரத்தியார் பச்சிலை அரைத்துக் கட்டினார். பொழுது சாய்வதற்குள் அழிசி விசாரணையை முடித்தார்.

“அடித்தாயா?”

“அடித்தேன் ஐயா.”

“கட்டையாலா?”

“ஆமாம்.”

“பள்ளியின் விதி தெரியுமா?”

“தெரியும்.”

கை ஓங்கியவன் மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் மலையிறங்க வேண்டும். ஒரு மழைக்காலம் கழிந்த பிறகுதான் மீண்டும் படியேறலாம். அழிசி அதைச் சொன்னார். சேந்தன் தலையாட்டினான். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதால் அன்று எல்லாரும் வெறும் வயிற்றோடு படுத்தார்கள்.

விடிந்ததும் கீழிருந்து ஓர் ஆள் வந்தான். கூத்தனின் அப்பா மலையடி ஊரின் கிழார், ஊர்த்தலைவர். பள்ளிக்கு நெல் அவருடைய களத்திலிருந்துதான் வந்தது. ஆள் கொட்டகை வாசலில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

“பிள்ளையை அடித்தவன் இன்றைக்கே இறங்கவேண்டுமாம். இல்லாவிட்டால் இனி நெல் ஏறாதாம். கிழார் சொல்லச் சொன்னார்.”

அவன் படியிறங்கிப் போனான்.

பிட்டன் என்ற மாணவன்தான் முதலில் வாயைத் திறந்தான். சேந்தனுக்கு அவன் நெருங்கிய தோழன்.

“கொடுக்கிறவர் வீட்டுப் பிள்ளை என்றால் அதற்கு ஒரு நியாயம். புரிந்துவிட்டது.”

“மண்டையை உடைத்தவனுக்குப் பரிந்துபேச வேறு ஆளா?” என்றான் இன்னொருவன்.

“உனக்குச் சோறு பெரிது.”

“உனக்கு அடிதடி பெரிது.”

அதற்குமேல் பேச்சு எங்கெங்கோ போனது. யார் யாருடைய ஊர், யார் வீட்டில் என்ன தொழில், யார் யாரை எப்போது பார்த்துச் சிரித்தார்கள் என்று பழையதெல்லாம் வெளியே வந்தது. வெயில் ஏறுவதற்குள் பாதிக் குடைவுகளில் மூட்டை கட்டியாகிவிட்டது.

அப்போதுதான் அழிசி சுனைக்கரைக்கு விரைந்து வந்தார்.

“ஆள் வருவதற்கு முன்னாலேயே நான் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன், அம்மையே. எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும்.” அவர் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். “என்னைப் போய் நெல்லுக்கு விலைபோனவன் என்கிறார்கள்.”

“தெரிந்தும் நம்பவில்லை.”

“ஆமாம்.”

“ஏன்?”

அழிசி பாறையில் விரித்திருந்த துணியைப் பார்த்தார்.

“சேந்தனிடம் என்ன கேட்டீர்கள்?”

“அடித்தாயா என்று கேட்டேன்.”

“கூத்தனிடம்?”

“அவனிடம் கேட்க என்ன இருக்கிறது? அடி வாங்கியவன். நெற்றியில் கட்டோடு படுத்திருந்தான்.”

குரத்தியார் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

“இரண்டு பேரையும் கொட்டகைக்கு வரச்சொல்லுங்கள். மூட்டை கட்டியவர்களும் வரட்டும், கட்டாதவர்களும் வரட்டும்.”

“மறுவிசாரணையா?”

“இல்லை. பாடம். இன்றைக்கு வாதப் பாடம்தானே?”

அழிசிக்கு முகம் சுருங்கியது. ஊர் பற்றி எரியும்போது பாடமா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

சேந்தனின் மூட்டை கட்டியாகியிருந்தது. ஒரு வேட்டியும் ஒரு சுரைக்குடுக்கையும்தான் அவன் உடைமை. அழிசியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“நேரமாகிவிட்டதா ஐயா?”

“இல்லை. அம்மை கூப்பிடுகிறார்.”

“எதற்கு? உங்கள் தீர்ப்பில் தப்பில்லையே.”

அதை அவன் சொன்னது அழிசிக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

கூத்தன் கடைசிக் குடைவில் படுத்திருந்தான். நான்கு பேர் படுக்கக்கூடிய இடம். ஒரே ஒரு பாய் கிடந்தது.

“உன்னோடு யார் இருக்கிறார்கள்?”

“யாரும் இல்லை ஐயா.”

“காயம் பட்டிருக்கிறாய், ராத்திரி ஒருவன் கூட இருந்திருக்கலாமே.”

“காயத்துக்கு முன்னாலும் யாரும் இல்லை,” என்றான் கூத்தன். நெற்றிக் கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தான்.

கொட்டகையில் மாணவர்கள் இரண்டு கும்பலாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம்.

குரத்தியார் அந்த நடு இடத்தில் சேந்தனையும் கூத்தனையும் எதிரெதிரே உட்காரவைத்தார். தானும் அவர்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அழிசி தூணில் சாய்ந்து நின்றார்.

“வாதத்தில் முதலில் எதைச் சொல்லவேண்டும், பிட்டா?”

பிட்டன் முறைப்பாகவே பதில் சொன்னான். “பரபக்கம். எதிராளியின் கட்சி.”

“எப்படிச் சொல்லவேண்டும்?”

“எதிராளியே தலையாட்டும்படி.”

“ஏட்டில் எத்தனையோ தரம் படித்தோம். இன்றைக்கு ஆளை வைத்துச் செய்துபார்ப்போம்.” குரத்தியார் திரும்பினார். “கூத்தா, சேந்தன் உன்னை ஏன் அடித்தான்?”

“அவனைக் கேளுங்கள்.”

“உன்னைத்தான் கேட்கிறேன். அவன் வழக்கை நீ சொல். பிறகு உன் வழக்கை அவன் சொல்வான்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

“சேந்தா, அவன் சொல்வது சரியானால் ஆம் என்று சொல். தவறானால் இல்லை என்று சொல். வேறு பேச்சு வேண்டாம்.”

“அடி வாங்கியவன் அடித்தவனுக்காகப் பேசவேண்டுமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. குரத்தியார் கூத்தனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் கோபக்காரன்,” என்றான் கூத்தன்.

“இல்லை,” என்றான் சேந்தன்.

“என்மேல் பொறாமை.”

“இல்லை.”

“பின்னே என்ன? எங்கள் களத்து நெல்லைத் தின்றுவிட்டு என்னையே…”

மூட்டை கட்டியவர்கள் பக்கம் சலசலத்தது. பிட்டன் எழுந்துவிட்டான். குரத்தியார் கையை உயர்த்தினார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“இல்லை,” என்றான் சேந்தன், அதே குரலில்.

கூத்தன் முகம் சிவந்தது. “எனக்குத் தெரியாது. அவன் மனதில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாததை விடு,” என்றார் குரத்தியார். “தெரிந்ததைச் சொல். நேற்றைக்கு முன்னால் அவனிடம் என்ன பார்த்திருக்கிறாய்?”

கொட்டகைக் கூரையில் ஒரு குரங்கு ஓடிப்போனது. கீற்று சரசரத்து அடங்கியது.

“சாப்பிட்டு முடித்ததும் இலையை விரலால் வழிப்பான்,” என்றான் கடைசியில்.

யாரோ சிரித்தார்கள்.

“ஆம்,” என்றான் சேந்தன்.

“பானை கழுவிய தண்ணீரைக் கொட்டமாட்டான். குடித்துவிடுவான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வான்.”

சேந்தன் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தான். “ஆம்.”

“சிந்திய அரிசியைப் பொறுக்குவான். மண்ணோடு இருந்தாலும் ஊதிவிட்டுப் பொறுக்குவான். நான் அதைப் பார்த்து…” கூத்தன் நிறுத்தினான். “சிரித்திருக்கிறேன்.”

“ஆம்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

 கூத்தனின் கண்கள் சேந்தனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அவன் ஊரில் மழை இல்லாமல் போயிருக்கிறது.”

“ஆம்.”

“வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்திருக்கின்றன.”

“ஆம்.”

“யாராவது…” கூத்தன் குரல் தாழ்ந்தது. “செத்துப்போனார்களா?”

சேந்தன் வாய் திறந்தது. ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

“அம்மா,” என்றான். “இருக்கிற கஞ்சியை எனக்கு ஊற்றிவிட்டு, நான் குடித்தாயிற்று என்பாள். தினமும் சொன்னாள். நானும் நம்பிக் குடித்தேன்.”

வேறு பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருந்தார் குரத்தியார். அவர் அவனைத் தடுக்கவில்லை.

பிட்டன் தன் தோழனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இது தெரியாது.

கூத்தன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். “பானை நிறையக் கஞ்சி இருந்தது. நீ விறகோடு வந்தாய். நான் அதை மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தேன். மாட்டுக்குக்கூட வைக்கமாட்டோம் என்று வேறு சொன்னேன்.”

“ஆம்.”

“அதனால் அடித்தாய்.”

“ஆம்,” என்றான் சேந்தன். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தூணருகே நின்ற அழிசி வெளியே பார்த்தார். வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது பாடம் முடியும், சேந்தன் மன்னிக்கப்படுவான் என்று அவர் நினைத்தார். அப்படியானால் விதி என்று ஒன்று எதற்கு என்றும் நினைத்தார்.

குரத்தியார் முடிக்கவில்லை.

“சேந்தா, கூத்தன் கஞ்சியை ஏன் கொட்டினான்?”

“செருக்கு,” என்றான் சேந்தன். யோசிக்கவே இல்லை.

“இல்லை,” என்றான் கூத்தன்.

“மாட்டுக்குக்கூட வைக்கமாட்டோம் என்றாய். என் காதால் கேட்டேன்.”

“கேட்டது நிஜம்தான்,” என்றார் குரத்தியார். “கொட்டியதற்கு அதுதான் காரணமா என்று கேள்.”

சேந்தன் கூத்தனைப் பார்த்தான். “அதுதான் காரணமா?”

“இல்லை.”

அழிசி தூணிலிருந்து நிமிர்ந்தார். கஞ்சியைக் கொட்டியதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

“கஞ்சி தீய்ந்துபோயிருந்ததா?”

“இல்லை.”

“உப்பு கூடிவிட்டதா?”

“இல்லை.”

“ஏதாவது விழுந்திருந்ததா?”

கூத்தன் தரையைப் பார்த்தான். “ஆம்.”



“பல்லியா?”

“ஆம்.”

“செத்துப்போயிருந்ததா?”

“ஆம்.”

“பொய்!” என்று கத்தினான் பிட்டன். “பல்லி விழுந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பானே! இப்போது கட்டுகிறான் கதை!”

சேந்தன் திரும்பினான். “நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் பிட்டா. நீ சும்மா இரு.”



சேந்தன் மறுபடி கூத்தன் பக்கம் திரும்பினான். “ஏன் சொல்லவில்லை? யாரிடமாவது…”

அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லமுடியாது. கூத்தன் பேசாமல் இருந்தான். சேந்தன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். அவன் கை தன்னையறியாமல் எதையோ தூக்கி இறக்கிவைப்பதுபோல அசைந்தது. அடுப்பிலிருந்து பானையை இறக்கும் அசைவு. பிறகு கை அப்படியே நின்றது.

“பானை மூடியிருந்ததா?”

“இல்லை.”

சேந்தன் கையை மடியில் இறக்கினான்.

“நான்தான் மூடவில்லை,” என்றான்.

“ஆம்.”

“உனக்கு அது தெரியும்.”

“ஆம்.”

“எல்லாரும் பட்டினி கிடக்கப்போகிறார்கள். யாரால் என்று தெரிந்தால் என்னைத்தான் ஏசுவார்கள்.”

“ஆம்.”

“அதனால் யாரும் வருவதற்குள் கொட்டிவிடப் பார்த்தாய்.”

“ஆம்.”

“அடிபட்ட பிறகும் நீ சொல்லவில்லை.”

“ஆம்,” என்றான் கூத்தன். அவன் பார்வை ஒருகணம் அழிசியின் பக்கம் போய்த் திரும்பியது. “யாரும் கேட்கவும் இல்லை.”

அழிசி தலையைக் குனிந்துகொண்டார்.

சேந்தன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். அவன் முகத்தில் ஏதோ நம்பிக்கை வந்திருந்தது.

“அப்படியானால் அந்த மாட்டுப் பேச்சும் எனக்குத் தெரியாமல் மறைப்பதற்காகத்தானே சொன்னாய்?”

எல்லாரும் ஆம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அது வந்தால் எல்லாருக்கும் நன்றாக இருக்கும்.

“இல்லை,” என்றான் கூத்தன்.

சேந்தன் பின்னுக்குச் சாய்ந்தான்.

“அது செருக்குதான்,” என்றான் கூத்தன். இப்போது அவனும் ஆம், இல்லை என்பதைத் தாண்டிப் பேசினான். “நீ வந்ததும் ‘என்னடா’ என்று அதட்டினாய். உனக்காகத்தானே கொட்டுகிறேன், என்னையே அதட்டுகிறாயே என்று சுருக்கென்றது. இங்கே ஒருவனும் என் பக்கத்தில் பாய் விரித்ததில்லை. கிழார் மகன், கிழார் மகன் என்றே பேச்சு. அப்படித்தானே நினைக்கிறீர்கள், அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.”

மூட்டை கட்டியவர்கள் பக்கத்தில் சிலர் வேறெங்கோ பார்த்தார்கள். மூட்டை கட்டாதவர்கள் பக்கத்திலும் சிலர் வேறெங்கோ பார்த்தார்கள்.

குரத்தியார் எழுந்தார். “பாடம் முடிந்தது.”

“அம்மையே,” என்றார் அழிசி. “தீர்ப்பு?”

“அது உங்களுடையது.”

கொட்டகையிலிருந்த எல்லாரும் அழிசியைப் பார்த்தார்கள். சபையில் எத்தனையோ தடவை இப்படி எல்லாக் கண்களும் அவர்மேல் விழுந்திருக்கின்றன. அப்போதெல்லாம் சொல்லவேண்டியது நாக்கின் நுனியில் இருக்கும். இன்று நாக்கு வெறுமையாக இருந்தது.

அவர் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

“சேந்தா, என்ன செய்யலாம்?”

சேந்தன் மிரண்டுபோனான். அழிசி யாரையும் அப்படிக் கேட்டு அவன் பார்த்ததில்லை.

“நான் இறங்குகிறேன் ஐயா,” என்றான் சிறிது யோசித்து. “கட்டை கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் அவன் கண் போயிருக்கும். பல்லி விழுந்ததும் அம்மா போனதும் வேறு. அடித்தது வேறு.”

“கூத்தா, நீ என்ன சொல்கிறாய்?”

“அவன் போகவேண்டாம்.”

“நீ சொன்னதற்காக நான் தங்கமாட்டேன்,” என்றான் சேந்தன்.

“என் அப்பா சொன்னதற்காகப் போகிறாயா?”

“இல்லை. அவர் சொல்லாவிட்டாலும் போவேன்.”

கூத்தன் நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டான். “அப்படியானால் நானும் வருகிறேன்.”

“எங்கே?”

“உன் ஊருக்கு.”

“அங்கே ஒன்றும் இல்லை.”

“இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை.”

சேந்தன் அவன் நெற்றியைப் பார்த்தான். “உன் அப்பா?” என்றான்.

“வழியில்தானே வீடு. உள்ளே போய்ச் சொல்லிவிட்டுப் போகலாம்.”

“நானுமா உள்ளே வரவேண்டும்?”

“பின்னே? இந்தக் கட்டோடு நான் தனியாகப் போய் நின்றால், நீ பயந்து ஓடிவிட்டாய் என்பார். பிறகு நெல்லும் ஏறாது, ஒன்றும் ஏறாது.”

“அடிப்பாரே.”

“அடிப்பார்,” என்றான் கூத்தன்.

அழிசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துகொண்டார்.

“யாராவது அடுப்பைப் பற்றவையுங்கள்,” என்றார் குரத்தியார். “நேற்றிலிருந்து யாரும் சாப்பிடவில்லை.”

பிட்டன் எழுந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து, காலையில் அவனோடு வாய்ச்சண்டை போட்டவனும் எழுந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே விறகுக்குவியல் பக்கம் போனார்கள்.

கஞ்சி குடித்த பிறகு சேந்தனும் கூத்தனும் இறங்கினார்கள். உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. அழிசி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவரும் குரத்தியாரும் பாறை விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாறையில் வெட்டிய படிகள் வளைந்து வளைந்து இறங்கின. கூத்தனின் மூட்டையும் சேந்தன் தோளில்தான் இருந்தது.

“நேற்று சொன்ன தீர்ப்புதான் அம்மையே. அதில் ஒன்றும் மாறவில்லை.”

“ஆமாம்.”

“ஆனால் ஒருவனும் மூட்டையைத் தூக்கவில்லை.”

“ஆமாம்.”

“எனக்கு விளங்கவில்லை.”



கீழே குரல்கள் உயர்ந்தன. என்ன பேச்சு என்று கேட்கவில்லை, சத்தம் மட்டும் ஏறி வந்தது. சேந்தன் கையை வீசி எதையோ சொன்னான். கூத்தன் பதிலுக்குக் கத்தினான். பிறகு நடையை நிறுத்திவிட்டு, ஒரு படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சேந்தன் அவனை விட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கினான்.

“பார்த்தீர்களா! அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்!”

அழிசி வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் படியில் காலை வைத்துவிட்டார்.

“எங்கே போகிறீர்கள்?”

“தீர்த்துவைத்துவிட்டு…”

பாதியில் நிறுத்தினார்.

கீழே சேந்தன் நின்றிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி, இறங்கிய படிகளையெல்லாம் ஏறி வந்தான். மூட்டைகளை இறக்கிவைத்தான். கூத்தனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டான்.

கூத்தன் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு இல்லை என்று தலையாட்டினான்.

சேந்தன் மறுபடி ஏதோ கேட்டான்.

அழிசி படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.